காக்கட்டூவோடு ஒரே வீட்டில்

காக்கட்டூ, தலையில் கொண்டையுள்ள ஒரு கிளி வகை. விடியலிலும் அந்தியிலும் அது கத்தத்தான் செய்யும். அது இயல்பு, விட்டுவிடுங்கள். மற்ற நேரத்தில் கத்தும்போது ஓடிப்போய்த் திட்டினால், கத்தினால் ஆள் வரும் என்று கற்றுக்கொள்ளும். அடங்கி, மெல்லக் குரல் கொடுத்த நொடியில் போய்ப் பேசுங்கள். வீட்டில் ஒருவர் பிசகினாலும் பழக்கம் படியாது.

தலையைச் சாய்த்து, கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு சொறிந்துவிடக் கேட்கும். அந்தச் சுகத்துக்காகவே வளர்க்கலாம். ஆனால் தலை, கழுத்தோடு நிறுத்துங்கள். முதுகை வருடினால் இணைசேரும் வேகம் கிளம்பிக் கடிக்கும்.

இறகிலிருந்து வெள்ளைத்தூள் ஓயாமல் உதிரும். வாரத்தில் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான நீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள். ஆஸ்துமாக்காரர் இருந்தால் வாங்கவே வேண்டாம். கொறிக்கத் தினமும் பெயின்ட் அடிக்காத மரத்துண்டு கொடுங்கள். இல்லையேல் கதவுநிலை மிஞ்சாது. நான்-ஸ்டிக் பாத்திரம் அதிகம் சூடாகிக் கிளம்பும் புகை பறவையைக் கொன்றுவிடும்.