தோசை கிரைண்டர்ல சாக்லேட்: அதோட வரலாற வீட்லயே மூணு ரவுண்டா பண்ணிப் பாக்குறது எப்படி

சாக்லேட் வரலாறுன்னு எத எடுத்தாலும் மாயா, ஆஸ்டெக், ஸ்பெயின், சுவிஸ்னு வரிசையா ஒப்பிச்சுட்டுப் போயிடுறாங்க, படிச்சு முடிச்சா ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்குது. எனக்கு மண்டையில ஏறுனதே கொக்கோ கொட்டைய வாங்கி வீட்ல வறுத்து அரைச்சுப் பாத்தப்புறம்தான். நாம அடுப்பு முன்னாடி நின்னு எந்த எடத்துல முழிக்கிறோமோ, அதே எடத்துலதான் அந்தக் காலத்து ஆளுங்களும் முழிச்சிருக்காங்க, சில எடத்துல நூத்துக்கணக்கான வருஷமா. அதனால இத மூணு ரவுண்டா சொல்றேன். முதல்ல ஆஸ்டெக்காரங்க, அதாவது ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி மெக்சிகோவ ஆண்டவங்க, குடிச்சது, அப்புறம் ஸ்பெயின்காரங்க குடிச்சது, கடைசியா நாம கடிச்சுத் திங்கிற பார். முதல் ரெண்டும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சிடும், மூணாவதுக்கு ரெண்டு நாள் லீவு போடணும்.

முதல்ல கொட்டை. பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கொக்கோ போட்டிருப்பாங்க, இடுக்கி பக்கமும் நெறைய உண்டு, தெரிஞ்சவங்க மூலமாவோ ஆன்லைன்லயோ ஒரு கிலோ வாங்கிடலாம். வாங்கும்போது "புளிக்க வெச்சு காயவெச்சதா"ன்னு கண்டிப்பா கேளுங்க. ஏன்னா பச்சைக் காய உடைச்சா உள்ள சீத்தாப்பழம் மாதிரி வெள்ளையா வழுவழுன்னு சதை, இனிப்பும் புளிப்பும் கலந்து செம டேஸ்ட்டு, ஆனா அதுக்குள்ள இருக்குற கொட்டையக் கடிச்சா வாயெல்லாம் துவர்த்து கசந்துடும், சாக்லேட் வாசனை துளி கூட இருக்காது. அத சதையோடயே பெட்டியில குமிச்சு வாழை இலை போட்டு மூடி அஞ்சாறு நாள் விட்டு அப்பப்போ கிளறிவிட்டா, உள்ள சூடு 45, 50 டிகிரி வரைக்கும் ஏறி, முளைக்கிற உசுரு போயி, அப்பத்தான் வாசனைக்கு அடித்தளமே விழுது. இத யாரு கண்டுபிடிச்சிருப்பாங்கன்னு யோசிச்சா, ஹோண்டுராஸ்ல கிமு 1100 வாக்குல உள்ள பானைங்கள ஆராய்ச்சி பண்ணவங்க, அந்த மக்கள் முதல்ல இந்தச் சதைய புளிக்க வெச்சு சரக்காத்தான் குடிச்சிருக்கணும், கொட்டை அதுல மிஞ்சுனதுன்னு நினைக்கிறாங்க. எனக்கென்னவோ அது சரின்னுதான் படுது. அதுக்கும் ரொம்ப முன்னாடியே, சுமார் 5300 வருஷம் முன்னாடி, ஈக்வடார்ல சான்டா ஆனா லா ஃப்ளோரிடாங்கிற எடத்துல கொக்கோ பயன்படுத்துனதுக்குத் தடயம் கிடைச்சிருக்கு.

நம்மூருக்கும் இது புதுசு இல்ல. கிழக்கிந்திய கம்பெனிக்காரங்க 1798லயே கொக்கோ கன்னு கொண்டாந்து குற்றாலத்துல நட்டுப் பாத்திருக்காங்க. பெருசா புடிக்கல, 1960களுக்கு அப்புறம்தான் கேரளாவுல ஒழுங்கா ஆரம்பிச்சுது.

சரி, வறுக்கலாம். அரைக் கிலோ கொட்டைய அடி கனமான இரும்புச் சட்டியில போட்டு சின்னத் தீயில 20, 25 நிமிஷம் விடாம கிளறுங்க. முதல்ல வினிகர் நெடி அடிக்கும், பயப்படாதீங்க, அது புளிக்க வெச்சதோட மிச்சம். பாதியில அங்கங்க பட்டுன்னு வெடிக்கிற சத்தம் கேக்கும், அதுக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு பேக்கரிக்குள்ள நுழைஞ்ச மாதிரி ஒரு வாசனை வரும், உடனே தட்டுல கொட்டிடுங்க, சட்டியிலயே விட்டா அந்தச் சூட்டுலயே கருகிடும். ஆறுனதும் சப்பாத்தி கட்டையால லேசா உருட்டி ஒடச்சு முறத்துல போட்டு புடைங்க, தோலு பறந்துடும், கருப்பா உடைஞ்ச பருப்பு நிக்கும். அரைக் கிலோவுக்கு 375 கிராம் தேறுனா நல்லா பண்ணியிருக்கீங்கன்னு அர்த்தம்.

இப்ப முதல் ரவுண்டு. அம்மி இருந்தா வெயில்ல ஒரு மணி நேரம் போட்டு சூடாக்கிட்டு, நல்லா தொடச்சு, ஒரு கைப்பிடி பருப்பு வெச்சு அரைங்க. தண்ணி வேணாம். முதல்ல காஃபித் தூள் மாதிரி பொடியும், அப்புறம் ஒட்டும், ஒரு பத்து நிமிஷத்துல கண்ணு முன்னாடியே கூழாகி பளபளன்னு வழிய ஆரம்பிக்கும். கொட்டையில பாதிக்கு மேல கொழுப்பு, அதான். மெக்சிகோவுல இதுக்குன்னே மெட்டாட்டேன்னு மூணு கால் வெச்ச அம்மி இருக்கு, அடியில நெருப்பு போட்டு சூடாக்கி அரைப்பாங்க, குழவிய பாத்தா நம்ம வீட்டுதுதான்னு சத்தியம் பண்ணுவீங்க. அந்தக் கூழ்ல வறுத்த மக்காச்சோள மாவு கொஞ்சம், காஞ்ச மிளகாத் தூள் ஒரு சிட்டிகை, வெனிலா இருந்தா அது, தண்ணி ஊத்தி கரைங்க. சர்க்கரை கிடையாது, அந்தக் காலத்துல அமெரிக்காவுல கரும்பே இல்ல. அப்புறம் ரெண்டு சொம்பு எடுத்து நல்ல ஒசரத்துல இருந்து ஆத்துங்க, நுரை வரணும், நுரைதான் அதுல ஒசத்தி. ஆஸ்டெக்குக்கும் முன்னாடியே அந்தப் பக்கம் வாழ்ந்த மாயா மக்களோட மண்பாண்டம் ஒண்ணு இப்ப பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டி மியூசியத்துல இருக்கு, அதுல ஒரு பொண்ணு நின்னுட்டு ஒரு பாத்திரத்துல இருந்து கீழ உள்ள பாத்திரத்துக்கு ஊத்துற மாதிரி படம், அப்படியே நம்ம டீக்கடை மாஸ்டர்தான்.

குடிச்சா முதல் வாய் புடிக்காது. எங்க அம்மா ஒரு மடக்கு குடிச்சுட்டு "கஷாயத்துக்கு எதுக்குடா இவ்ளோ பாடு"ன்னுட்டாங்க. ஆனா அங்க அது கண்டவங்க குடிக்கிற ஐட்டம் இல்ல, அந்தக் கொட்டைதான் காசு. 1545ல மெக்சிகோவுல ட்லாஸ்கலாங்கிற ஊர்ல போட்ட விலைப்பட்டியல் இருக்கு, பெரிய தக்காளி ஒண்ணுக்கு ஒரு கொட்டை, அப்பத்தான் பறிச்ச அவகாடோவுக்கு மூணு, நல்ல பெட்டை வான்கோழிக்கு நூறு. அப்ப ஒரு குவளை குடிக்கிறது ரூபா நோட்ட கரைச்சுக் குடிக்கிற மாதிரி. காசுன்னா கள்ளக்காசும் வரும்ல, கொட்டத் தோலுக்குள்ள மண்ணு அடைச்சு வித்த கதையெல்லாம் அப்பவே நடந்திருக்கு. இன்னொண்ணு, நாம இதுல போடுற மிளகாயும் அந்தப் பக்கத்துச் சரக்குதான், போர்த்துகீசியக்காரன் கொண்டாந்து விட்டது. நம்ம அம்மிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அது கொக்கோகூட சகவாசம் வெச்சிருந்துச்சு.

ரெண்டாவது ரவுண்டு ஈஸி. 1519ல கோர்ட்டெஸ்ங்கிற ஸ்பெயின் படைத்தலைவன் மெக்சிகோவுல போய் இறங்குனப்புறம் ஸ்பெயின்காரங்க இத மெல்ல மெல்ல அவங்க வாய்க்கு மாத்திக்கிட்டாங்க, 1585ல மெக்சிகோவோட வெராக்ரூஸ் துறைமுகத்துல இருந்து ஸ்பெயின்ல இருக்குற செவில்லுக்கு முதல் வியாபாரச் சரக்கு போச்சு. நீங்க செய்ய வேண்டியது, அதே அம்மிக் கூழ் ரெண்டு ஸ்பூன், சர்க்கரை ரெண்டு ஸ்பூன், பட்டைத்தூள் கொஞ்சம், சுடுதண்ணி, மத்து வெச்சு கடையுங்க. பட்டை முடிஞ்சா இலங்கைப் பட்டையா போடுங்க, சுருட்டு மாதிரி மெல்லிசா இருக்குமே அது, அந்தக் காலத்துல ஐரோப்பாவுக்குப் போன நல்ல பட்டை அங்கேர்ந்துதான் போச்சு. மத்துக்கு அவங்க வெச்ச பேரு மொலினியோ, மரத்துல செஞ்சு ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வெச்சு உருட்டுறது. 1657ல லண்டன்லயும் சாக்லேட் கடை வந்துடுச்சு.

இந்த டம்ளர ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா வெச்சுட்டு பாருங்க, மேல எண்ணெய் மிதக்கும். குழம்புல மிதந்தா சந்தோஷம், இதுல மிதந்தா குமட்டும். ஐரோப்பாவுல 200 வருஷத்துக்கு மேல இதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தாங்க, கஞ்சிமாவு அது இதுன்னு கலந்து பாத்தாங்க. 1828ல நெதர்லாந்துல வான் ஹூட்டன் குடும்பம் ஒரு பிரஸ்ஸுக்கு பேட்டன்ட் வாங்குனாங்க, கூழ அதுல வெச்சு அழுத்துனா கொழுப்புல பாதி வெளிய வந்துடும், மிச்சம் காஞ்ச கேக்கா நிக்கும், அத பொடிச்சா நாம டப்பாவுல வாங்குற கொக்கோ பவுடர். இத வீட்ல பண்ண முடியாது, முயற்சியும் பண்ணாதீங்க, நான் தேங்காப்பால் புழியிற துணியில போட்டு முறுக்கி துணி கிழிஞ்சதுதான் மிச்சம்.

கதையே திரும்புறது இங்கதான். பவுடருக்காக புழிஞ்சதுல அந்தக் கொழுப்பு மிஞ்சிப் போச்சுல்ல, 1847ல இங்கிலாந்து பிரிஸ்டல்ல ஃப்ரை கம்பெனி அந்தக் கொழுப்பையே உருக்கி கொக்கோவும் சர்க்கரையும் கலந்து அச்சுல ஊத்துனாங்க, இறுகுச்சு, கடிக்கிற சாக்லேட் பொறந்துச்சு. அதாவது 5000 வருஷத்துல நாம இத கடிச்சுத் திங்கிறது கடைசி 175 சொச்சம் வருஷமாத்தான்.

மூணாவது ரவுண்டுக்கு டேபிள்டாப் வெட் கிரைண்டர். சிரிக்காதீங்க, இன்னைக்கு அமெரிக்காவுல கொட்டையில இருந்து சொந்தமா சாக்லேட் பண்றவங்க நெறைய பேரு ஆரம்பிச்சதே நம்ம தோசை மாவு கிரைண்டர்லதான், இப்ப கோயம்புத்தூர்ல சாக்லேட்டுக்குன்னே அதே கல்லு வெச்சு மெஷின் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்புறாங்க. பருப்பு 350 கிராம், பொடிச்ச சர்க்கரை 150 கிராம், கிடைச்சா கொக்கோ பட்டர் (அந்தப் புழிஞ்செடுத்த கொழுப்புதான்) 30 கிராம். இதுல ஒரே விதி, தண்ணி ஆகாது. என் முதல் தடவை, டிரம்ம கழுவி துணியால தொடச்சுட்டு கல்லு காஞ்சிடுச்சுன்னு நினைச்சு போட்டேன், கல்லு இடுக்குல இருந்த ஈரம் போதும், ஒரு மணி நேரத்துல மொத்தமும் களிமண்ணு மாதிரி இறுகி மோட்டார் முனக ஆரம்பிச்சுடுச்சு. அதனால முந்தின நாளே கழுவி நாள் முழுக்க வெயில்ல காயவைங்க. வெல்லம் போடலாமான்னு கேப்பீங்க, அதுலயும் ஈரம் இருக்கு, முதல் தடவை வேணாம். 1875ல சுவிஸ்ல டேனியல் பீட்டர் மில்க் சாக்லேட் பண்றதுக்குள்ள வருஷக்கணக்கா திண்டாடுனதும் இதே மாதிரி பால்ல இருக்குற தண்ணியாலதான். உங்களுக்கு மில்க் சாக்லேட்தான் வேணும்னா பால் பவுடர் போட்டு தப்பிச்சுக்கோங்க.

டிரம்மையும் பருப்பையும் ஹேர் டிரையர் வெச்சு சூடாக்கிட்டு கிரைண்டர ஓடவிட்டு கைப்பிடி கைப்பிடியா போடுங்க, முந்தினது கூழானப்புறம்தான் அடுத்தது. எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு சர்க்கரை. அப்புறம் ஓடட்டும், ஓடட்டும், ஓடிட்டே இருக்கட்டும். வீட்டு கிரைண்டருக்கு மூணு மணி நேரம் ஓட்டி ஒரு மணி நேரம் ரெஸ்ட், இப்படி மொத்தம் 20 மணி நேரமாவது வேணும். 1879ல பெர்ன்ல ரொடால்ஃப் லிண்ட் கண்டுபிடிச்சது இதத்தான், சாக்லேட்ட மணிக்கணக்கா விடாம உருட்டிட்டே இருந்தா நறநறப்பு போயி வாயில உருகுது, புளிப்பு நெடியும் பறந்துடுது. மெஷின ஆஃப் பண்ண மறந்துட்டு வீக்கெண்ட் போயிட்டாரு, அதுல வந்ததுன்னு ஒரு கதை சொல்வாங்க, எல்லா கண்டுபிடிப்புக்கும் இப்படி ஒரு கதை கட்டிடுறாங்க. செக் பண்றதுக்கு நாக்குதான், மேலண்ணத்துல ஒட்டி தேய்ச்சா மணல் படக்கூடாது.

அது ஓடுற நேரத்துல இத யோசிங்க. பார் வந்ததும் கிராக்கி எகிறி கொக்கோ ஆப்பிரிக்கா போச்சு. ஆப்பிரிக்காவோட மேற்குக் கரைக்கு அப்பால இருக்குற சாவோ டோமே தீவுல கொத்தடிமையா ஆளுங்கள வெச்சு விளைய வெச்சது வெளிய வந்து 1909ல கேட்பரி அங்க வாங்குறத நிறுத்துனாங்க. 1879ல டெட்டே குவார்ஷிங்கிறவரு கொண்டாந்த கொட்டையில இருந்து கானாவுல பரவி, இன்னைக்கு உலகக் கொக்கோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட்டும் கானாவும்தான். குழந்தைத் தொழிலாளர் பிரச்சனை அங்க இன்னும் தீரல.

கடைசி வேலை டெம்பரிங், அதாவது சாக்லேட்ட உருக்கி, ஆறவெச்சு, மறுபடி லேசா சூடாக்கி சரியா உறைய வைக்கிறது. கொக்கோ பட்டர் ஆறு விதமா உறையும், அதுல ஒண்ணே ஒண்ணுலதான் பளபளப்பும் டக்குன்னு உடையிற சத்தமும் வரும். டார்க் சாக்லேட்ட 45 டிகிரி வரைக்கும் உருக்கி, கிளறிட்டே 28க்கு எறக்கி, மறுபடி 31, 32க்கு ஏத்தி அச்சுல ஊத்துங்க. தெர்மாமீட்டர் 300 ரூபாதான், வாங்கிடுங்க. ஏப்ரல், மே மாசத்துல ஏசி இல்லாம இத ஆரம்பிக்காதீங்க, ரூமே 35 டிகிரில இருக்கும்போது எது இறுகும்? சரியா வரலன்னா மேல வெள்ளையா பூத்துடும், பூஞ்சை இல்ல, கொழுப்புதான், தாராளமா திங்கலாம், இல்ல திரும்ப உருக்கிக்கலாம்.

கிரைண்டர உடனே தண்ணி விட்டு கழுவ வேணாம். டிரம்லயும் கல்லுலயும் ஒட்டியிருக்குறதே நாலு டம்ளருக்குத் தேறும், வெதுவெதுப்பான பால ஊத்தி ரெண்டு நிமிஷம் ஓடவிட்டு, வழிச்சு சொம்புல எடுத்து அடுப்புல கொதிக்க வெச்சு, ஒசரமா தூக்கி நல்லா ஆத்திக் குடிங்க. எங்க அம்மா இதுக்கு மட்டும் ரெண்டாவது டம்ளர் கேட்டாங்க.