ஏற்றுமதி அலுவலகத்தில் புழங்கும் ஆங்கிலச் சொற்களைச் சரியாக ஒலிப்பது எப்படி?

திருப்பூர், கரூர், பொள்ளாச்சி ஏற்றுமதி அலுவலகங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத்துக்கு அஞ்சுகிறார்களே தவிர, நாள் முழுதும் வாயில் புழங்கும் தொழிற்சொற்களைச் சரிபார்ப்பதில்லை. தொடங்க வேண்டிய இடம் அவையே.

முதலில் வெஸ்ட். பனியனைக் குறிக்கும் சொல் 'வி' எழுத்திலும், மேற்குத் திசையைக் குறிக்கும் சொல் 'டபிள்யூ'விலும் தொடங்குகின்றன. தமிழில் இரண்டுக்கும் வகரம் ஒன்றே என்பதால் நம் வாயில் அவை ஒன்றாகிவிடுகின்றன. 'வி'க்கு மேற்பல் கீழுதட்டை மெல்லத் தொட, தொண்டை அதிர, காற்று உரசிக்கொண்டு வெளிவர வேண்டும். 'டபிள்யூ'வுக்குப் பல் உதட்டைத் தொடவே கூடாது. 'உ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்து, அங்கிருந்தே 'எஸ்ட்' என்பதற்கு நகர்ந்தால் போதும். கண்ணாடி முன் நின்று, பல் உதட்டில் படுகிறதா என்று பார்த்தபடி இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள்.

ஒலி திருந்தினாலும் பொருளில் குழப்பம் இருக்கிறது. பிரிட்டனில் வெஸ்ட் என்றால் உள்ளே போடும் பனியன். அமெரிக்காவில் அது சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத மேலாடை. பேண்ட்ஸ் இன்னும் சங்கடமானது: அமெரிக்கருக்கு அது கால்சட்டை, பிரிட்டிஷாருக்கு ஜட்டி. ஆகவே ஆர்டரை உறுதிசெய்யும்போது ஸ்டைல் எண்ணோடு படத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

விலையைக் குறிக்கும் பிரைஸ் அதிர்வில்லாத 'ஸ்' ஒலியில் முடியும். பரிசைக் குறிக்கும் சொல் அதிர்வுள்ள 'இசட்' ஒலியில் முடியும், அதில் 'ஐ'யும் சற்று நீளும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். சைஸ் என்பதும் 'இசட்' ஒலியில் முடிவதுதான்.

நிட்டிங் என்பதன் முதலெழுத்தான 'கே'யை ஒலிக்காமல் ஊரே சரியாகச் சொல்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஒலித்த எழுத்து அது. ரிசீட் கதை வேறு: பிரெஞ்சு வழியாக வந்த அச்சொல்லில், லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலத்தில் நுழைக்கப்பட்டதே 'பி'. ஆகவே 'ரிசீப்ட்' என்று ஒலிக்கத் தேவையே இல்லை.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு உரியது தென்னை நாரைக் குறிக்கும் கொயர். நம் கயிறுக்கு உறவான மலையாளக் 'கயர்' ஆங்கிலத்துக்குப் போய்ப் பெற்ற வடிவம் அது. 'பாய்' என்று பையனைச் சொல்லும்போது வரும் ஒலியே இதிலும் வரும். 'சி'க்கு அடுத்து ஒரு 'எச்' புகுந்தால் அது தேவாலயப் பாடகர் குழுவாகிவிடும். அதை ஒலிப்பது குவயர் என்று. பிழைதிருத்தும் மென்பொருள் இரண்டு எழுத்துக்கூட்டலையும் சரியென்றே விட்டுவிடும் என்பதால், விலைப்பட்டியலை அனுப்புமுன் கண்ணால் ஒருமுறை படித்துவிடுங்கள்.