பலர் திருத்திய கோப்புகளை ஒன்றாக்கும் முறை

கடலூரின் வரலாற்றைக் கூறும் மலர் ஒன்றுக்கான கட்டுரையை, கடலூரில் ஒருவரும் புதுச்சேரியில் இருவரும் ஒரே காலத்தில் திருத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரின் கோப்புகளும் பதிப்பாசிரியரிடம் திரும்பி வரும்போது, எவருடைய திருத்தமும் விடுபடாமலும் எவர் எதை மாற்றினார் என்பது மறையாமலும் அவற்றை ஒன்றாக்க வேண்டும். இப்பணியின் பாதி, கோப்பை அனுப்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், யாரும் தொடாத மூலப்படி ஒன்றைத் தனியே சேமித்துவிட்டு, அதன் நகல்களையே மூவருக்கும் அனுப்புங்கள். அனுப்பும் முன், மைக்ரோசாஃப்ட் வேர்டில் 'ரிவியூ' பகுதியில், மாற்றங்களைப் பதிவு செய்யும் 'டிராக் சேஞ்சஸ்' வசதியை இயக்கி, 'லாக் டிராக்கிங்' மூலம் கடவுச்சொல் இட்டுப் பூட்டினால், திருத்துபவர் மறதியால் அதை நிறுத்திவிட முடியாது. ஒவ்வொருவரின் கணினியிலும் வேர்டின் பயனர் பெயர் அவரவர் பெயராக இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது தனிப்பட்ட தகவல்களை நீக்கும் அமைப்பு கோப்பில் இயங்கினால், எல்லாத் திருத்தங்களும் 'ஆத்தர்' என்ற பொதுப்பெயரில் வந்து சேரும். பிறகு யாரிடம் விளக்கம் கேட்பது என்றே தெரியாது.

'கம்பேர்' (ஒப்பிடுதல்), 'கம்பைன்' (இணைத்தல்) என்னும் இரண்டு கட்டளைகளும் 'ரிவியூ' பகுதியில் ஒரே இடத்தில் இருந்தாலும் வேலை வேறு. 'கம்பேர்' கட்டளை, கோப்புகளில் ஏற்கெனவே உள்ள திருத்தங்களை ஏற்கப்பட்டவையாகக் கொண்டு, வேறுபாடுகளை மட்டும் புதிதாகக் காட்டும். பலரின் திருத்தங்களைப் பெயரோடு சேர்க்க வேண்டுமானால் 'கம்பைன்' கட்டளையையே பயன்படுத்த வேண்டும். அது ஒரு நேரத்தில் இரண்டு கோப்புகளைத்தான் இணைக்கும் என்பதால், மூலப்படியோடு முதலாமவரின் கோப்பை இணைத்துப் புதிய ஆவணமாகச் சேமித்து, அதனோடு அடுத்தவரின் கோப்பை இணைத்துச் செல்லுங்கள். வடிவமைப்பு மாற்றங்களை ஒரு கோப்பிலிருந்து மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்று வேர்டு கேட்கும் இடத்தில், எழுத்துருவையும் பத்தி அமைப்பையும் அதிகம் மாற்றாத கோப்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

'கம்பைன்' கட்டளையின் பெட்டியில் 'மோர்' பொத்தானை அழுத்தினால், மாற்றங்களை எழுத்து நிலையில் காட்டுவதா, சொல் நிலையில் காட்டுவதா என்ற தேர்வு இருக்கும். தமிழுக்குச் சொல் நிலையே ஏற்றது. எழுத்து நிலையில் உயிர்மெய்யின் குறி மட்டும் தனியே பிரிந்து, படிப்பதற்குத் தடையாக நிற்கக்கூடும். பார்வைக்கு மாறாத சொல் மாறியதாகக் காட்டப்பட்டாலும் கலங்க வேண்டாம்: யூனிகோடில் 'கொ' என்பதன் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் உள்ளிடலாம். தட்டச்சுக் கருவி வேறுபட்டால் இவ்வேறுபாடு எழக்கூடும். எவரேனும் பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அனுப்பியிருந்தால், அந்தக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றிய பின்பே இணைக்க வேண்டும்.

வேர்டுக்குப் பதிலாக லிபர்ஆபிஸ் ரைட்டர் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தினால், 'எடிட்' பட்டியலின் 'டிராக் சேஞ்சஸ்' பகுதியில் கோப்புகளை இணைக்கும் 'மெர்ஜ் டாக்குமென்ட்' உள்ளது. பதிவான திருத்தங்களைத் தவிர மற்ற மூலப்பகுதி எல்லா நகல்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அடிக்குறிப்பிலும் பக்கத்தின் மேல்தலைப்புப் பகுதியிலும் செய்த மாற்றங்களை அது எடுத்துக்கொள்ளாது; அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும்.

இணைத்த பிறகு, எல்லாத் திருத்தங்களையும் ஒரே முறையில் ஏற்கும் 'அக்செப்ட் ஆல்' பொத்தானை மட்டும் உடனே அழுத்திவிடாதீர்கள். '1758இல் பிரெஞ்சுப் படை புனித டேவிட் கோட்டையை கைப்பற்றியது' என்பது மூலவரி என்று கொள்வோம். ஒருவர் வல்லினம் மிகுவதைக் கவனித்துக் 'கோட்டையைக்' என்று திருத்துகிறார். மற்றொருவர் 'கைப்பற்றியது' என்பதை 'முற்றுகையிட்டுப் பிடித்தது' என்று மாற்றுகிறார். மூன்றாமவர் 'படை' என்பதைப் 'படையினர்' ஆக்கி, வினைமுற்றைத் தொடாமல் விடுகிறார். மூன்றையும் ஏற்றால், 'படையினர் கோட்டையைக் முற்றுகையிட்டுப் பிடித்தது' என்று சந்தியும் திணையும் பிழைத்த வாக்கியம் அச்சேறும். வெவ்வேறு சொற்களில் செய்த மாற்றங்கள் என்பதால் மென்பொருள் இங்கே எந்த முரணையும் காட்டாது. ஒரே சொல்லை இருவர் வெவ்வேறாக மாற்றியிருந்தாலோ, எல்லாவற்றையும் ஏற்கும்போது இரண்டு சொற்களும் அருகருகே நின்றுவிடும். ஆகவே வாக்கியம் வாக்கியமாக முடிவு செய்து, ஒவ்வொரு பத்தியும் முடிந்தவுடன் குறிகளை மறைத்து உரக்கப் படியுங்கள். ஆண்டு, இடப்பெயர் ஆகியவற்றில் இருவர் மாறுபட்டால், திருத்தியவரிடமே ஆதாரம் கேட்டுக் கருத்துரையில் பதிந்த பின் ஏற்கவும்.

'நோ மார்க்கப்' காட்சி, திருத்தங்களை மறைக்குமே தவிர நீக்காது. அச்சகத்துக்கு அனுப்பும் படியில் ஏற்பு அல்லது மறுப்பு நிலுவையில் உள்ள திருத்தங்களையும் கருத்துரைகளையும் முற்றிலும் தீர்த்துவிட்டு, கோப்பில் மறைந்திருக்கும் தகவல்களைக் கண்டறியும் 'டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர்' கொண்டு சோதித்து, பிடிஎஃப் படியையும் உடன் அனுப்புங்கள். குறிகளோடு உள்ள இணைப்புப் படியை, மலர் வெளிவரும்வரை மூலப்படியுடன் சேர்த்து வைத்திருங்கள்.