கடகடவென வாசிக்கிறான், கேட்டால் ஒன்றும் தெரியவில்லை: எங்கே தவறுகிறோம்?

பிள்ளை வாசிக்கும்போது கையில் ஸ்டாப்வாட்சோடு உட்காருவதுதான் முதல் தவறு. சரளம் என்றால் வேகம் என்று எப்படியோ நம் மனதில் பதிந்துவிட்டது. உண்மையில் பிழையில்லாமல் வாசிப்பது, தேவையான வேகம், பேசுவதுபோல ஏற்ற இறக்கத்தோடு நிறுத்தி வாசிப்பது என மூன்றும் சேர்ந்ததுதான் சரளம். இந்த மூன்றாவதை யாரும் கண்டுகொள்வதில்லை, ஆனால் புரிகிறதா இல்லையா என்பதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதுதான்.

'மழை நின்றதும் பூனை மெல்ல வெளியே வந்தது' என்ற வரியை 'மழை, நின்றதும் பூனை, மெல்ல வெளியே, வந்தது' என்று வாசிக்கிற பிள்ளை ஓர் எழுத்தைக்கூட விடவில்லை, ஆனால் எது எதோடு சேரும் என்பது பிடிபடவில்லை. இன்னும் வேகமாக வாசி என்று விரட்டினால் இது சரியாகாது. 'மழை நின்றதும், பூனை மெல்ல வெளியே வந்தது' என்று நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் சேர்ந்து வாசியுங்கள், பிறகு தனியாக வாசிக்க விடுங்கள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கும் முறையை 1979-லேயே சாமுவேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவிட்டார், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அடுத்தது, தப்பு வந்த நொடியே குறுக்கிடுவது. 'பானை மெல்ல வெளியே வந்தது' என்று வாசித்தால் வாக்கியம் முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருங்கள் (கஷ்டம்தான்). பானை எப்படி நடக்கும் என்று பிள்ளைக்கே உறைத்துத் திரும்பிப் போய் வாசித்தால், தன் வாசிப்பைத் தானே கவனித்துத் திருத்தும் சுயக்கட்டுப்பாடு வேலை செய்கிறது என்று அர்த்தம். நாம் முந்திக்கொண்டால் தன்னைத் தானே கவனிக்கும் பழக்கம் வராது. உறைக்கவில்லை என்றால் மட்டும், சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்தச் சுயக்கட்டுப்பாட்டுக்காக வைக்கும் தாள விளையாட்டிலும் (கைதட்டித் தாளம் போடுவது) இதே கதை, வேகத்தைத்தான் பார்க்கிறோம். வேகமாகக் கைதட்ட வைத்துச் சிரித்துவிட்டுப் போவது பொழுதுபோக்கு, அவ்வளவுதான். மெதுவாகத் தட்டுவது, சட்டென்று நிறுத்துவது, தலை என்றால் காலைத் தொடுவது மாதிரி மாற்றிச் செய்வது என்று வைத்தால்தான் அவசரத்தை அடக்கவும் சொன்னதை நினைவில் வைக்கவும் பயிற்சி கிடைக்கும்.

அதற்காகத் தாளம் போட்டாலே வாசிப்பு வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு) உள்ள குழந்தைகள் பலருக்குத் தாளத்தோடு ஒட்டித் தட்டுவது சிரமம் என்று ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் எழுத்தையும் ஒலியையும் நேரடியாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையைக் கைதட்டல் செய்யாது. கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986-ல் சொன்ன கணக்கின்படி, புரிதல் என்பது எழுத்தை வாசிக்கும் திறனையும் மொழியறிவையும் பெருக்கினால் வருவது. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.