கிராமத்து விடுமுறையில் ஊர் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராமப்புறத்தில் நாலு நாள் தங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் போய் இறங்குவார்கள். காலையில் அருவி, மதியம் பண்ணை, மாலையில் குன்று, ராத்திரி நட்சத்திரம். பட்டியல் போடுவதில் தப்பில்லை, நகரத்துக் கடிகாரத்தை வைத்துப் போடுவதுதான் தப்பு.

முதலில் அடிவாங்குவது நடைக்கணக்கு. வரைபடத்தில் ஆறு கிலோமீட்டர் என்று பார்த்ததும் 'ஒரு மணி நேரம்தானே' என்று கிளம்பிவிடுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன ஒரு கணக்கை நடைப்பயணிகள் இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அந்த ஆறு கிலோமீட்டரில் 300 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். இதுவும் நல்ல தெம்புள்ளவர்கள் நடுவில் உட்காராமல் நடந்தால்தான். குழந்தைகளோ முட்டிவலிக்காரர்களோ கூட இருந்தால் இன்னும் பாதி நேரம் சேர்த்துக்கொள்ளலாம். 'எப்போது கிளம்பலாம்' என்று யோசிப்பதைவிட, பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி 'எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும்' என்று முடிவு செய்வதே சரி.

செல்போன் வழிகாட்டும் என்ற நம்பிக்கை அடுத்த தவறு. இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஜிபிஎஸ்ஸுக்கு செல்போன் சிக்னல் வேண்டாம். வரைபடத்தை இறக்கத்தான் சிக்னல் வேண்டும். அதனால் தங்கும் இடத்திலேயே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே சார்ஜைத் தீர்த்துவிடும். எந்தப் பக்கம் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது எந்தச் செயலியையும்விட மேல்.

வயலும் மேய்ச்சல் நிலமும் பார்க்கப் பூங்கா மாதிரி இருக்கலாம். ஆனால் அது ஒருவருடைய பிழைப்பு. திறந்திருக்கும் கேட்டைப் 'பாவம், மறந்துவிட்டார்கள்' என்று சாத்திவிட்டுப் போகிற நல்ல மனசுக்காரர்கள் உண்டு. மாடு தண்ணீருக்குப் போகவே அதைத் திறந்து வைத்திருப்பார்கள். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். வயல் வாசலில் காரை நிறுத்திவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள். டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப நிறைய இடம் வேண்டும். புல்தானே என்று மிதிக்கிறோமே, அது தீவனத்துக்காக வளர்க்கும் பயிராகவும் இருக்கும்.

மாடுகளைப் பற்றி யாரும் போதுமான அளவு பயப்படுவதில்லை என்பது என் கட்சி. காளையைக் கண்டால் ஒதுங்குகிற அதே ஆட்கள், கன்றோடு நிற்கும் பசுவிடம் செல்ஃபிக்குப் போகிறார்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே மட்டும் போய்விடாதீர்கள்; சுற்றுவழியானாலும் தள்ளியே போங்கள். தலையைத் தாழ்த்தி, முன்னங்காலால் மண்ணைப் பறித்து, உங்களையே முறைத்தால் அது எச்சரிக்கை. ஓடாமல், பார்வையை அதன் மேலேயே வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். நாயோடு போனால் வாரைப் பிடித்தே போகவேண்டும், ஆனால் மாடு துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்.

குதிரைக்கு நேர் பின்னால் நடக்காதீர்கள். அது அதற்குக் கண் தெரியாத பக்கம், உதை விழும். தீனி கொடுத்தால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுங்கள், அதுவும் உரிமையாளரைக் கேட்டபிறகு. ஆடு, மாடு, குதிரை எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக்கூடாது. சாணத்தில் வரும் ஈ.கோலை போன்ற கிருமிகள் குழந்தைகளை மோசமாகப் படுத்தும். சானிடைசர் மட்டும் போதாது.

ஆற்றிலும் அருவியிலும், நம் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை நம்பி இறங்காதீர்கள். மழை மேல்பகுதியில் பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் சாமானை விட்டுவிட்டு உடனே மேட்டுக்கு ஏறவேண்டும். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும்.

நட்சத்திரம் பார்க்கப் பௌர்ணமியில் போய் ஏமாறுகிறவர்கள் ஏராளம். அமாவாசையை ஒட்டிப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கவேண்டும். பறவைகளுக்கோ விடிகாலை, பத்து மணிக்குப் போய் 'ஒன்றுமே இல்லை' என்று அலுத்துக்கொண்டு பயனில்லை.

புல்லில் நடந்துவிட்டு வந்ததும் முட்டிக்குப் பின்னால், இடுப்பு, அக்குள், காதுமடல் என்று உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். நுனி மெல்லிய சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்கவேண்டும். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.