சிங்கப்பூர் கட்டுமானத் தளம்: காய இழப்பீட்டுக் காப்புறுதிச் சோதனைக்குத் தயாராவது

மனிதவள அமைச்சின் அதிகாரிகள் முன்னறிவிப்பின்றித் தளத்துக்குள் வரலாம், ஆவணம் கேட்கலாம், ஊழியர்களிடம் நேரடியாக விசாரிக்கலாம். வந்தபின் காகிதம் தேடுவது வீண் பதற்றம்.

முதலில், வேலையில் காயமடைபவருக்கு இழப்பீடு தரும் இந்தக் காப்புறுதி யார் யாருக்கு வேண்டும் என்று பாருங்கள். உடலுழைப்பு வேலை செய்பவர் உள்ளூர்வாசியோ, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவரோ, சம்பளம் எவ்வளவோ, கட்டாயம்.

வேலை அனுமதிச் சீட்டுக்காக எடுத்த மருத்துவக் காப்புறுதியையே காய இழப்பீட்டுக் காப்புறுதி என்று பல முதலாளிகள் நினைத்துவிடுகிறார்கள். வெளிநாட்டு ஊழியருக்காக அரசிடம் கொடுக்கும் 5,000 வெள்ளி பிணைப்பத்திரமும் இதற்கு ஈடாகாது. மூன்றும் தனித்தனி.

அடுத்து பாலிசியைக் கையில் எடுத்து, தளத்தின் வருகைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். முடிவுத் தேதி, ஆள் எண்ணிக்கை, அறிவித்த மொத்தச் சம்பளம், வேலை வகை நான்கும் பொருந்த வேண்டும். பிரச்சினை பெரும்பாலும் கடைசியில்தான்: எழுத்தர் என்று பதிந்தவர் சாரத்தில் ஏறி நிற்பார். பிரீமியத்தைக் குறைக்க இப்படிச் செய்வது ஊழியருக்கு இழைக்கும் அநீதி.

துணைக் குத்தகையாளரின் ஆட்களை, பாலிசி நகலைப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். நடுவில் பாலிசி காலாவதியாகலாம், எனவே மாதம் ஒருமுறை மறுபடி கேளுங்கள்.

காப்புறுதி எடுக்காத முதலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாலிசி இல்லாவிட்டாலும் காயமடைந்தவருக்கான இழப்பீட்டை முதலாளியே கொடுத்தாக வேண்டும்.