காவியக் காதலைத் திரைக்குக் கொண்டுவரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயிரம் பக்கங்களைத் தாண்டி விரியும் ஒரு மாயப் புனைவுக் காவியத்தைத் திரைக்கு எழுத உட்காருபவர் முதலில் போடும் கணக்கே பெரும்பாலும் பிழையாக அமைந்துவிடுகிறது. போருக்கு எத்தனை பக்கம், பயணத்துக்கு எத்தனை பக்கம், காதலுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார்க்கிறார். காதலுக்கு இருபது பக்கம்கூடத் தேறவில்லை என்றதும், அதை எப்படியாவது பெருக்கியாக வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறார். பக்கத்தின் அளவும் உணர்வின் கனமும் ஒன்றல்ல என்பது அந்த இடத்திலேயே மறந்துபோகிறது. பின்னால் வரும் தவறுகளில் பலவும் அங்கிருந்து கிளைப்பவைதான்.

டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையையும், பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை அதை மூன்று படங்களாக எடுத்த விதத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இதற்கு நல்ல பாடம். மூலக்கதையில், அரியணைக்கு உரிய வாரிசான அராகோர்னின் காதலி ஆர்வென் மிகக் குறைவாகவே பேசுகிறாள். தொடக்கத்தில் ஒரு விருந்தில் அமர்ந்திருக்கிறாள். இறுதியில் மணப்பெண்ணாக வருகிறாள். அவர்களுடைய காதலின் முழு வரலாறும் நூலின் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. பின்னிணைப்புகளிலேயே மிக முக்கியமானது அதுதான் என்றும், மையக் கதை, சிற்றுருவ மக்களான ஹாபிட்டுகளின் பார்வையை விட்டு விலகக் கூடாது என்பதால்தான் அதை வெளியே வைக்க நேர்ந்தது என்றும் டோல்கீனே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். ஆகவே, தழுவ முனைபவர் "இங்கே காதல் ஏன் குறைவாக இருக்கிறது?" என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். எழுதியவருக்கு அதில் அக்கறை இல்லாததால் குறைந்ததா, அல்லது கதை சொல்லும் கோணம் அதை மறைத்து வைத்திருக்கிறதா? இரண்டாவது என்றால், புதிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை; மறைந்திருப்பதைக் கண்டெடுத்தால் போதும்.

மறைந்திருப்பது எவ்வளவு வலிமையோடு இயங்குகிறது என்பதற்கு ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். போருக்குப் போகும் வழியில், அராகோர்னின் உறவினர்கள் முப்பது பேர் வடக்கிலிருந்து குதிரைகளில் வந்து சேர்கிறார்கள். அவர்களில் ஒருவன் கறுப்புத் துணி சுற்றிய நீண்ட கோல் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறான். அது ஆர்வென் அனுப்பிய பரிசு; அவள் யாருக்கும் தெரியாமல் நெடுங்காலம் உழைத்து உருவாக்கிய கொடி. துணிக்குள் என்ன இருக்கிறது என்று அராகோர்னுக்குப் புரிந்துவிடுகிறது. அவன் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. இன்னும் சிறிது காலம் எனக்காக நீயே தாங்கி வா என்று மட்டும் சொல்கிறான். பிறகு விண்மீன்களின் கீழே வடக்குத் திசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, அந்த இரவுப் பயணம் முடியும் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் வருகிறான். காதலி அங்கே இல்லை, காதல் என்ற சொல்லும் இல்லை. பின்னர் எதிரிகளின் கப்பல்கள் என்று எல்லோரும் அஞ்சிய கலத்தில் அதே கொடி விரிந்து, வெண்மரமும் ஏழு விண்மீன்களும் மணிமுடியும் வெயிலில் ஒளிரும்போது, அவளுடைய கைவேலை போர்க்களத்தின் மனநிலையையே மாற்றிவிடுகிறது.

ஜாக்சனின் படம் இந்தக் காட்சியை எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, அராகோர்னின் முன்னோருடைய உடைந்த வாளை மீண்டும் உருக்கிச் செய்யும்படி ஆர்வென் தன் தந்தை எல்ராண்டை வற்புறுத்துவதாகவும், அந்த வாளை அவரே அராகோர்னிடம் கொண்டுவந்து தருவதாகவும் மாற்றியது. நூலில் அந்த வாள் பயணம் தொடங்கும் முன்பே செய்யப்பட்டுவிடுகிறது. வெறும் நிகழ்வு வரிசையைப் பார்த்தால் இது மூலத்துக்கு மாறானது. ஆனாலும் இதை நல்ல தழுவல் என்றே நான் கருதுகிறேன். தொலைவில் இருந்தபடியே ஒரு பொருளின் வழியாக அவன் விதியில் பங்கெடுக்கும் பெண் என்ற மூலத்தின் அமைப்பு அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. நிகழ்வு மாறலாம், அது செய்த வேலை மாறக் கூடாது.

இதே படக்குழு எதிர்த்திசையில் போன இடமும் உண்டு. இரண்டாவது படத்தில் ஆர்வென் ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போரில் வாளேந்திப் போரிடுவதாகக் காட்சிகளைப் படமாக்கினார்கள். பிறகு அவற்றை நீக்கிவிட்டார்கள். திரையில் ஒரு பெண்ணுக்கு வலிமை வேண்டும் என்றால் கையில் ஆயுதம் கொடுத்தாக வேண்டும் என்ற எண்ணம் இன்றும் பல திரைக்கதைகளில் தொடர்கிறது. போர்வீராங்கனையாகவே படைக்கப்பட்ட ஒருத்தி போரிடுவதில் எந்தக் குறையும் இல்லை. காத்திருப்பதையே தன் செயலாகக் கொண்ட ஒருத்தியைப் போர்க்களத்துக்கு இழுத்துவருவதுதான் பிழை. முல்லைத் திணைக்கு 'இருத்தல்' உரிப்பொருள் என்று படித்து வளர்ந்த நமக்கு, காத்திருப்பதும் ஒரு செயல்தான் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. காத்திருப்பவளுக்கும் முடிவெடுக்கும் தருணங்கள் உண்டு. அவற்றைக் காட்டினால் அவள் செயலற்றவளாகத் தெரிய மாட்டாள்.

ஆர்வென் எடுக்கும் முடிவு சிறியதன்று. எல்ஃப் இனத்தின் இறவாமையைக் கைவிட்டு மனிதனுக்குரிய மரணத்தை ஏற்கிறாள். தன் தந்தையை மீண்டும் ஒருபோதும் சந்திக்க முடியாத பிரிவையும் சேர்த்தே ஏற்கிறாள். இது அந்த உலகத்தின் விதியிலிருந்து நேரடியாகப் பிறக்கும் விலை. ஆனால் மூன்றாவது படத்தில், அவளுடைய உயிர் கதையின் மையமான தீய மோதிரத்தின் கதியோடு பிணைந்துவிட்டது, அவள் இறந்துகொண்டிருக்கிறாள் என்று எல்ராண்ட் சொல்வதாகப் புதிதாகச் சேர்த்தார்கள். இது பதற்றத்தைக் கூட்டச் செய்த ஏற்பாடு என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அவள் தானாகத் தேர்ந்துகொண்ட மரணத்தின் இடத்தில், காரணம் சொல்லப்படாத ஒரு நோய் வந்து உட்கார்ந்துவிடுகிறது. தேர்வு செய்தவள் காப்பாற்றப்பட வேண்டியவளாக மாறிவிடுகிறாள். காவியம் ஏற்கெனவே ஒரு விலையை வைத்திருக்கும்போது, அதன்மேல் இன்னொன்றை ஏற்றினால் இரண்டுமே மலிந்துவிடும்.

காலத்தைச் சுருக்குவதில் நேரும் தவறைப் பலர் கவனிப்பதே இல்லை. அராகோர்ன் ஆர்வெனை முதலில் காணும்போது அவனுக்கு வயது 20. இருவரும் வாக்குக் கொடுத்துக்கொள்ளும்போது 49. கோண்டோர், ஆர்னோர் ஆகிய இரண்டு நாடுகளுக்கும் அரசனாகாத எவனுக்கும் என் மகளைத் தர மாட்டேன் என்று எல்ராண்ட் நிபந்தனை விதிக்கிறார். மணம் நடக்கும்போது அவனுக்கு 88 வயது. வாக்குக்கும் மணத்துக்கும் இடையில் 39 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. திரையில் இத்தனை ஆண்டுகளைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காக, போன மாதம் சந்தித்தவர்களைப் போல அவர்களைப் பேசவைக்கவும் கூடாது. நூலில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. லோத்லோரியன் காட்டில், இருவரும் வாக்களித்துக்கொண்ட அதே குன்றின் அடிவாரத்தில், கையில் சிறிய பொன்னிற மலர் ஒன்றோடு மரத்தைப் போல அசையாமல் நிற்கும் அராகோர்னை, கதையின் நாயகனான ஹாபிட் ஃப்ரோடோ பார்க்கிறான். அவன் நிற்கும் அந்த நினைவின் முழுக் கதை ஃப்ரோடோவுக்குத் தெரியாது. முதல் முறை படிக்கும் நமக்கும் தெரியாது. ஆனால் அந்த முகத்திலிருந்து பல ஆண்டுகள் விலகிப்போயிருக்கின்றன என்பது மட்டும் புரிந்துவிடுகிறது. ஒரு நடிகர், ஒரு மலர், அவரைத் தள்ளி நின்று பார்க்கும் இன்னொருவர் என்று மூன்றே ஷாட்டுகளில் முடிந்துவிடக்கூடிய காட்சி இது. ஐந்து நிமிட ஃப்ளாஷ்பேக்கைவிட இது கூடுதலாகவே சொல்லும்.

இனி, மூலத்தில் இல்லாத காதலைப் புதிதாக நுழைப்பது. இதில்தான் பெரும் சேதம் நேர்கிறது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1937இல் வெளிவந்த 'தி ஹாபிட்' சிறுவர்களுக்கான ஒற்றை நூல். அதன் கதையில் சொல்லும்படியான பெண் பாத்திரமே இல்லை. 2012 முதல் 2014 வரை அதை மூன்று படங்களாக எடுத்தபோது டாரியல் என்ற எல்ஃப் பெண்ணைப் புதிதாகப் படைத்தார்கள். பெண்ணே இல்லாத கதையில் ஒரு பெண்ணைச் சேர்க்க விரும்பியதில் தவறு காண முடியாது. ஆனால் அவளைச் சேர்த்த கையோடு எல்ஃப் இளவரசன் லெகோலஸ் ஒருபுறம், குள்ளர் இனத்துக் கீலி மறுபுறம் என்று முக்கோணக் காதல் ஒன்றையும் கட்டினார்கள். முக்கோணக் காதல் இருக்கக் கூடாது என்ற உறுதியின் பேரிலேயே தான் நடிக்க ஒப்புக்கொண்டதாகவும், பின்னர் நடந்த கூடுதல் படப்பிடிப்பில் அது சேர்க்கப்பட்டதாகவும் அந்தப் பாத்திரத்தில் நடித்த இவாஞ்சலின் லில்லியே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இந்தக் காதல் நம்பும்படி இல்லை என்பதே பொதுவாக வைக்கப்படும் குறை. அதைவிட ஆழமான குறை கீலியின் சாவில் இருக்கிறது. நூலில் ஃபீலி, கீலி சகோதரர்கள் தங்கள் அரசனான தோரினைக் கேடயத்தாலும் உடலாலும் காத்து நின்று மடிகிறார்கள். அதற்கு நூல் சொல்லும் காரணம், அவர் அவர்களுடைய தாயின் அண்ணன் என்பதுதான். அந்த ஒற்றை வரியில் தாய்மாமன் உறவு, குலத்தின் கடன், பொற்குவியலின் மேல் பேராசை கொண்டு கெட்டுப்போய்க் கடைசியில் திருந்திய ஒருவருக்காக இளையவர்கள் உயிரைக் கொடுப்பது ஆகிய அனைத்தும் அடங்கிவிடுகின்றன. படத்தில் கீலி டாரியலைக் காக்கப் போய், அவள் கண்முன்னால் கொல்லப்படுகிறான். ஒரு காதல் உள்ளே வந்திருக்கிறது. அதற்கு இடம் கொடுப்பதற்காக இன்னோர் அன்பு வெளியேற்றப்பட்டிருக்கிறது. புதிய காதல் ஒன்றைச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், அது எதை வெளியே தள்ளிவிட்டு வந்து அமர்கிறது என்று காட்சி காட்சியாகச் சோதித்துப் பார்ப்பது எழுதுபவரின் கடமை.

காதல் ஏற்கெனவே இருக்கும் இடத்திலும், அதன் காரணத்தை மாற்றினால் இதே இழப்பு நேரும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவலில் இளம் அரசன் ராப் ஸ்டார்க் காயமுற்றுத் துயரத்தில் இருக்கும்போது ஜெய்ன் என்ற பெண்ணோடு இணைகிறான்; அவள் மானம் கெடக் கூடாது என்பதற்காக, வேறிடத்தில் கொடுத்திருந்த மண வாக்கை மீறி அவளை மணக்கிறான். தந்தையிடமிருந்து பெற்ற நேர்மையே மகனை அழிக்கிறது என்பது அங்கே கதையின் முடிச்சு. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் அந்த இடத்துக்கு தலீசா என்ற மருத்துவப் பெண் வருகிறாள். அவன் அவளைக் காதலித்து, அந்தக் காதலுக்காகவே வாக்கை மீறுகிறான். இருவரும் கண்ணுக்கு முன்னால் பழகுவதைக் காட்ட முடிந்தது என்பது தொடருக்குக் கிடைத்த லாபம். ஆனால் ஒரு கடமை இன்னொரு கடமையோடு மோதிய கதை, ஆசை கடமையோடு மோதும் கதையாக மாறிவிட்டது. இரண்டாவது வகைக் கதை நாம் பல நூறு முறை பார்த்தது. முதல் வகை அரிதானது, அதை இழந்திருக்க வேண்டாம்.

படத்தொகுப்பில் நேரம் போதாமல் போகும்போது முதலில் கத்தரிக்கப்படுவது இரண்டாவது இணையின் காதல். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் வரும் அரச குலத்துப் பெண் ஏயோவின், அராகோர்னை விரும்பி, அது கைகூடாமல், சாவைத் தேடிப் போர்க்களத்துக்குப் போனவள். நூலில் அவள் மருத்துவ இல்லத்தில் கோண்டோரின் படைத்தலைவன் ஃபாராமிரைச் சந்திக்கிறாள். உலகின் கதி முடிவாகும் நேரத்தில், அது முடிவாவதை அறியாமலேயே இருவரும் கோட்டை மதில்மேல் நிற்கிறார்கள். தங்களை அறியாமல் கைகள் கோத்துக்கொள்கின்றன. காற்றில் அவளுடைய பொன்னிறக் கூந்தலும் அவனுடைய கருங்கூந்தலும் ஒன்றாகக் கலந்து பறக்கின்றன. திரையரங்கில் வெளியான படத்தில் இந்தச் சந்திப்பு இல்லை. முடிசூட்டு விழாவில் இருவரும் அருகருகே நிற்பது மட்டும் இருக்கிறது. நீட்டிக்கப்பட்ட பதிப்பில் ஒரு சிறு காட்சி உண்டு. இந்த இணையை நீக்கினால், சாவை விரும்பியவள் வாழ்வை விரும்பத் தொடங்கிய மாற்றமே காணாமல் போய், ஏயோவின் வெறுமனே ஏமாற்றமடைந்த பெண்ணாக நின்றுவிடுகிறாள். அவளுக்கு நேர்ந்த அநீதியாகவே இதை நான் பார்க்கிறேன்.

வசனத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இன்றைய இளைஞர்களின் பேச்சை அப்படியே வாயில் வைப்பதும், யாருமே பேசியிராத செயற்கைப் பழந்தமிழையோ வேறெந்தப் பழைய மொழிநடையையோ வைப்பதும் ஒரே அளவுக்குக் கெடுதல்தான். எளிய, நிதானமான, காலம் தெரியாத சொற்களே தாங்கும். ஒருவர் மற்றவரை எவ்வளவு நேசிக்கிறார் என்று மூன்றாவது பாத்திரம் விளக்கும் வசனங்களை முதல் வாசிப்பிலேயே நீக்கிவிடலாம். நெருக்கமான காட்சிகளைப் பொறுத்தவரை, அவை பாத்திரங்களைப் பற்றிப் புதிதாக எதையும் சொல்லாவிட்டால் தேவையே இல்லை. தேவைப்படும் இடத்தில், அதற்கென்று பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தாக வேண்டும்.

முடிவுக் காட்சியை முத்தத்தோடும் மலர்மாரியோடும் நிறைத்துவிட்டு, கொடுத்த விலையை மறந்துவிடுவதும் ஒரு தவறுதான். இதில் ஜாக்சன் குழு மிகச் சரியாக நடந்துகொண்டது. இரண்டாவது படத்திலேயே, கணவன் இறந்த பிறகு கறுப்பு முகத்திரையோடு கல்லறையின் அருகே நிற்கும் ஆர்வெனை, இலையுதிர்ந்த மரங்களுக்கிடையே தனியே நடக்கும் ஆர்வெனை, எல்ராண்ட் முன்கூட்டியே காண்பதாகக் காட்டிவிட்டார்கள். பின்னிணைப்பின் கடைசிப் பக்கங்களிலிருந்து எடுக்கப்பட்ட காட்சி அது. மூன்றாவது படத்தின் முடிசூட்டு விழாவில் அவள் வெண்மரம் பொறித்த கொடி ஒன்றின் பின்னால், முகம் மறைந்தபடி, கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கொடி விலகும்போதுதான் அராகோர்ன் அவளைப் பார்க்கிறான். அருகில் எல்ராண்ட் நிற்கிறார். கல்லறையைப் பற்றி அங்கே யாரும் எதுவும் பேசுவதில்லை. ஆனால் மகளைப் பார்க்கும் அந்தத் தந்தையின் முகத்தில் இரண்டாவது படத்தின் காட்சி முழுவதும் இருக்கிறது.